சார்லஸ் என்றால் முரடனா? ஒரு சொல் குடிசைக்கும் அரண்மனைக்கும் போன கதை

கேள்வி இதுதான்: "என் தம்பியின் பெயர் சார்லஸ். அந்தப் பெயருக்குப் 'பட்டிக்காட்டு முரடன்' என்று பொருள் என அவனுடன் வேலை செய்யும் ஒருவர் சொல்லியிருக்கிறார். ஆங்கிலத்தில் முரடனைக் குறிக்கும் 'சர்ல்' என்ற சொல்லும் சார்லஸும் ஒரே வேராம். இங்கிலாந்தில் மூன்று அரசர்கள் வைத்துக்கொண்ட பெயருக்கு அப்படியும் பொருள் இருக்குமா?"

பாதி சரி, பாதி தவறு. இரண்டு சொல்லும் ஒரே வேரில் பிறந்தவை என்பது உண்மை. ஆனால் அண்ணன் குடிகாரன் என்பதால் தம்பியையும் குடிகாரப் பட்டியலில் சேர்ப்பதுபோல இருக்கிறது அவருடைய முடிவு. இரண்டுக்கும் மூலம் 'கார்ல்' என்ற பழைய ஜெர்மானியச் சொல். அதற்குப் பொருள் முரடனும் இல்லை, அரசனும் இல்லை. வெறும் ஆள்.

'ஆள்' என்று வேண்டுமென்றேதான் எழுதுகிறேன். தமிழில் கார்லுக்கு மிக நெருங்கி வருவது இந்தச் சொல். "நாளைக்கு நடவுக்கு மூன்று ஆள் வேண்டும்" என்றால் கூலிக்காரர். "அவர் பெரிய ஆள்" என்றால் செல்வாக்குள்ளவர். காலாள் என்றால் போர்வீரன், பண்ணையாள் என்றால் நிலத்தோடு கட்டுண்டவன். ஒரு பெண்ணின் கணவனையோ காதலனையோ "அவளுடைய ஆள்" என்று ஊரில் சொல்வதும் உண்டு. கார்லும் இத்தனை வேலையையும் வெவ்வேறு நாட்டில், வெவ்வேறு நூற்றாண்டில் செய்திருக்கிறது. இப்படிப்பட்ட சொல்லுக்குச் சொந்தமாக அந்தஸ்து கிடையாது. பக்கத்தில் யார் நிற்கிறார்களோ அவர்களைப் பார்த்துத்தான் அதன் இடம் மேலா கீழா என்று தெரியும். கீழே சொல்லப்போவதெல்லாம் கார்லின் பக்கத்தில் யார் யார் வந்து நின்றார்கள் என்ற கதைதான்.

முதலில் வேர். பழைய ஜெர்மானிய மொழிகளில் ஆணைக் குறிக்க ஒன்றுக்கு மேற்பட்ட சொற்கள் இருந்தன. 'மன்' எல்லோருக்கும் தெரியும். 'வெர்' என்று ஒன்று இருந்தது. லத்தீனின் 'விர்', சமஸ்கிருதத்தின் 'வீர' எல்லாம் அதன் உறவுகள். நம் வீரனும் சமஸ்கிருதம் வழியாக அந்தக் குடும்பத்தோடு சம்பந்தம் வைத்துக்கொண்டவன்தான். ஆங்கிலத்தில் அது தனிச்சொல்லாகச் செத்துவிட்டது. பௌர்ணமியில் ஓநாயாக மாறும் மனிதனை 'வேர்வுல்ஃப்' என்கிறார்களே, அதன் முதல் பாதியில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'குமா' என்று இன்னொன்று. அது மணமகனைக் குறிக்கும் 'பிரைட்குரூம்' என்ற சொல்லின் பின்பாதியில் உருமாறிக் கிடக்கிறது. நான்காவதுதான் கார்ல்.

மற்ற மூன்றிலிருந்து கார்லை வேறுபடுத்துவது வயது. இதன் ஆதி இந்தோ-ஐரோப்பிய வேருக்கு 'முதிர்தல், மூப்படைதல்' என்ற பொருள் என்பது பரவலாக ஏற்கப்படும் விளக்கம். அதே வேரிலிருந்து வந்தவைதான் சமஸ்கிருதத்தில் மூப்பைக் குறிக்கும் 'ஜரா'வும், கிரேக்கத்தில் கிழவரைக் குறிக்கும் 'கெரோன்' என்ற சொல்லும். ஆஸ்பத்திரியில் முதியோர் பிரிவுக்கு 'ஜெரியாட்ரிக்' என்று பலகை வைக்கிறார்களே, அது அந்தக் கிரேக்கச் சொல்லின் வாரிசு. ஜகரம் எப்படிக் ககரமாகும் என்று கேட்பீர்கள். சமஸ்கிருதத்தில் ஜகரம் வரும் சில இடங்களில் ஜெர்மானியத்தில் ககரம் வரும். இது ஒழுங்கான ஒலி மாற்றம். ஆஜானுபாகு என்ற சொல்லில் உள்ள 'ஜானு' முழங்காலைக் குறிக்கும். ஆங்கிலத்தில் முழங்காலுக்கான 'நீ' என்ற சொல்லை எழுதும்போது முன்னால் ஓசையில்லாமல் ஒரு 'கே' எழுத்து நிற்கிறது பாருங்கள். 'ஞானம்' என்பதில் உள்ள வேரும், 'அறி' என்ற பொருளில் வரும் 'நோ' என்ற ஆங்கிலச் சொல்லும் அப்படித்தான். அங்கும் அதே ஊமை 'கே'. ஒரு காலத்தில் அந்த 'கே' உச்சரிக்கப்பட்டது.

ஆக, கார்ல் பிறக்கும்போது 'முதிர்ந்த ஆண், ஆளாகிவிட்டவன்' என்ற பொருளில் பிறந்திருக்க வேண்டும்.

அடுத்து, கார்ல் சமூகத்தில் எங்கே நின்றான் என்பது. இதற்கு மிக அழகான சாட்சி ஸ்காண்டிநேவியரின் பழைய மொழியான நோர்ஸில் உள்ள 'ரீக்ஸ்தூலா' என்ற பாடல். நமக்குக் கிடைத்திருப்பது 14ஆம் நூற்றாண்டு ஐஸ்லாந்துச் சுவடிப் பிரதி. ரீக் என்ற பெயரில் ஒரு தேவன் நடந்து வருகிறான். முதல் வீட்டில் பூட்டனும் பூட்டியும். தவிடு மண்டிய கனத்த ரொட்டியைக் கொடுக்கிறார்கள். மூன்று இரவு தங்குகிறான். அந்த வீட்டில் பிறக்கும் பிள்ளையின் பெயர் த்ரேல், அதாவது அடிமை. தோல் சுருங்கியவன், விரல் தடித்தவன், முதுகு வளைந்தவன். அவன் வம்சம் வயலுக்கு எரு போடும், பன்றி மேய்க்கும், கரி மண் வெட்டும்.

இரண்டாவது வீட்டில் தாத்தாவும் பாட்டியும். தாத்தா தறிக்கு மரம் செதுக்கிக்கொண்டிருக்கிறார், பாட்டி நூல் நூற்றுக்கொண்டிருக்கிறார். அந்தப் பாட்டியின் பெயர் என்ன தெரியுமா? 'அம்மா'. பழைய நோர்ஸில் அம்மா என்றால் பாட்டி. இன்றைக்கும் ஐஸ்லாந்துக் குழந்தைகள் பாட்டியை அம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். (இதை வைத்துத் தமிழன் ஐஸ்லாந்துக்குப் போனான் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். மழலை வாயில் எளிதில் வரும் ஓசை உலகெங்கும் இப்படி உறவுப்பெயராகும்.) இந்த அம்மா பெற்றெடுக்கும் பிள்ளைதான் கார்ல். சிவந்த முகம், துறுதுறுவென்ற கண். வளர்ந்ததும் காளையைப் பழக்குகிறான், கலப்பை செய்கிறான், வீடு கட்டுகிறான், களஞ்சியம் எழுப்புகிறான், வண்டி செய்கிறான், ஏர் ஓட்டுகிறான். அவனுக்கு வாக்கப்பட்டு வருகிற பெண் இடுப்பில் சாவிக்கொத்தோடு வருகிறாள். பூட்டி வைக்கவும் திறந்து எடுக்கவும் வீட்டில் சொந்தமாக ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். எனக்கு இந்தப் பாட்டிலேயே பிடித்த இடம் அந்தச் சாவிக்கொத்துதான்.

மூன்றாவது வீட்டில் தகப்பனும் தாயும். வெள்ளைக் கோதுமை ரொட்டி, திராட்சை மது, வெள்ளித் தட்டு. அங்கே பிறப்பவன் யார்ல், அதாவது பிரபு. ஆங்கிலத்தின் 'ஏர்ல்' பட்டம் இந்தச் சொல்லின் உறவு.

த்ரேல், கார்ல், யார்ல். கீழே அடிமை, மேலே பிரபு, நடுவில் சொந்த நிலமும் சொந்தக் கையும் உள்ள குடியானவன். இந்த மூன்றடுக்கு அப்படியே நின்றிருந்தால் கார்லுக்கு ஒரு குறையும் வந்திருக்காது.

இங்கிலாந்துக்கு வருவோம். அங்கே இந்தச் சொல் சிறிது வேறு உயிரோசையோடு 'செயொர்ல்' என்று வழங்கியது. முதல் எழுத்தை 'சர்ச்' என்பதில் உள்ளதுபோல் உச்சரிக்க வேண்டும். கென்ட் நாட்டு அரசன் எதெல்பெர்ட் ஏறத்தாழ 600ஆம் ஆண்டில் இயற்றிய சட்டம்தான் ஆங்கில மொழியில் கிடைக்கும் மிகப் பழைய சட்டம். அதில் சாதாரண சுதந்திர மனிதனின் உயிர்விலை 100 ஷில்லிங். கென்டின் பிந்தைய சட்டம் ஒன்றில் உயர்குடியினனுக்கு 300. கொன்றவன் கொல்லப்பட்டவனின் குடும்பத்துக்குக் கட்ட வேண்டிய இந்தத் தொகைக்கு 'வெர்கில்ட்' என்று பெயர். மேலே சொன்ன 'வெர்' இங்கே இருக்கிறது: ஆள்விலை.

எதெல்பெர்ட்டின் சட்டத்தில் ஒரு வரி வருகிறது. ஒரு செயொர்லின் 'ரொட்டி உண்பவனை' எவனாவது கொன்றால் ஆறு ஷில்லிங் கட்ட வேண்டும். ரொட்டி உண்பவன் என்றால் அவன் வீட்டுச் சோற்றில் வாழ்கிறவன், அவனை அண்டியிருப்பவன். செஞ்சோற்றுக் கடன் என்று நாம் சொல்லும் உறவு. 'லார்டு' என்ற ஆங்கிலச் சொல்லே 'ரொட்டியைக் காப்பவன்' என்ற பழைய கூட்டுச்சொல்லின் தேய்ந்த வடிவம் என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். 600ஆம் ஆண்டில் செயொர்ல் ஒருவனுக்குச் சோறிட்டுக் காக்கும் தகுதியுள்ளவன். தன் வீட்டளவில் அவனும் ஒரு லார்டு.

வெசெக்ஸ் நாட்டில் விலை இன்னும் தெளிவு: செயொர்லுக்கு 200, தேயன் என்ற பிரபுவுக்கு 1200. ஆறு செயொர்ல் சேர்ந்தால் ஒரு தேயன். ஆனால் அடைத்த கதவு இல்லை அது. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த ஓர் ஆவணம், ஒரு செயொர்ல் முன்னேறி ஐந்து ஹைடு (அந்தக் கால நில அளவு) நிலம், மணி, கோட்டைவாயில், அரசவையில் ஓர் இருக்கை, ஒரு பொறுப்பு எல்லாம் சம்பாதித்துவிட்டால் அவன் தேயனின் உரிமைக்குத் தகுதியானவன் என்கிறது. நடந்ததைச் சொல்கிறதா, 'அந்தக் காலத்தில் அப்படி இருந்தது' என்று ஏங்குகிறதா என்று வரலாற்றாசிரியர்கள் வாதிடுவார்கள். எப்படியானாலும் அந்தச் சொல்லைக் கேட்டு யாரும் முகம் சுளித்ததாகத் தெரியவில்லை. கணவனைக் குறிக்கவும் அதே சொல்தான். ஒரு பெண் கல்யாணம் செய்துகொள்வதற்கான வினைச்சொல்லே 'செயொர்லியன்'. பழைய ஆங்கில நற்செய்தி மொழிபெயர்ப்பில் கிணற்றடியில் சமாரியப் பெண் இயேசுவிடம் "எனக்குக் கணவன் இல்லை" என்று சொல்லும் இடத்தில் செயொர்ல் என்றுதான் இருக்கிறது. அதில் ஏளனம் எதுவும் இல்லை.

பிறகு 1066. பிரான்சின் வடக்கிலிருந்து நார்மன்கள் படையெடுத்து வந்தார்கள். மேல்தட்டு முழுவதும் பிரெஞ்சு பேசும் கூட்டமாக மாறியது. செயொர்ல் என்ற சொல் தாழ்ந்ததற்கு எல்லோரும் சொல்லும் காரணம் இது. இதைவிட முக்கியம் என்று நான் நினைப்பது கீழே நடந்தது. 1086இல் எடுக்கப்பட்ட டூம்ஸ்டே கணக்கெடுப்பில் பதிவான மக்களில் சுமார் பத்தில் ஒருவர் அடிமை. அடுத்த நூற்றாண்டுக்குள் அந்த அடிமை முறை இங்கிலாந்தில் தேய்ந்து மறைகிறது. நல்லதுதான், ஆனால் கார்லுக்குக் கெட்ட செய்தி. மூன்று படியில் கீழ்ப்படியை எடுத்துவிட்டால் நடுப்படிதானே கீழ்ப்படி? அதுவும் அந்த நடுப்படியில் இருந்தவர்களில் பெரும்பாலோர் நிலப்பிரபுவின் மண்ணோடு கட்டப்பட்டவர்களாக ஆனபோது, சொல் அவர்களோடு சேர்ந்து இறங்கியது. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலக் கவிஞர் சாசர் எழுதும்போது, கேன்டர்பரிக் கதைகளில் குடித்துவிட்டு ஆபாசக் கதை சொல்லும் மாவாலைக்காரனை வாசகர் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதற்காக "அவன் ஒரு செர்ல், உங்களுக்கே தெரியும்" என்ற தோரணையில் சமாதானம் சொல்கிறார். அவ்வளவுதான், சொல் விழுந்துவிட்டது. இன்றைய 'சர்ல்' அந்த வீழ்ச்சியின் மிச்சம்.

இதில் கார்ல் தனியாக விழவில்லை. நம் சினிமா வில்லன் யார் என்று நினைக்கிறீர்கள்? லத்தீனில் 'வில்லா' என்றால் பண்ணை வீடு. அந்தப் பண்ணையில் வேலை செய்பவன் 'வில்லானுஸ்'. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வரும்போது குடியானவன், பிறகு பண்பற்றவன், பிறகு அயோக்கியன். நம்பியாரும் பி.எஸ்.வீரப்பாவும் ஏற்று நடித்த அத்தனை பேரும், சொல் அளவில், பாவப்பட்ட விவசாயிகள். வேடிக்கை என்னவென்றால், சில சொற்கள் எதிர்த்திசையிலும் போயின. ஜெர்மன் மொழியில் 'க்னெஹ்ட்' என்றால் வேலைக்காரன். அதே சொல் ஆங்கிலத்தில் 'நைட்' ஆகிக் குதிரை ஏறிச் சர் பட்டம் வாங்கிக்கொண்டது. ஒரே நேரத்தில் ஒரே மொழியில் ஒரு வேலைக்காரன் மேலே போகிறான், ஒரு குடியானவன் கீழே போகிறான்.

சரி, சர்ல் கீழே போன கதை முடிந்தது. சார்லஸ்?

அதற்கு ஐரோப்பாக் கண்டத்துக்குப் போக வேண்டும். பிராங்க் இனத்தவரிடையே கார்ல் ஆட்பெயராகவும் வழங்கியது. 732இல் புவாத்தியே அருகே நடந்த போரால் பெயர்பெற்ற கார்ல் மார்ட்டெல் அந்தக் குடும்பத்தின் முதல் பெரிய கார்ல். அவருடைய பேரன்தான் உலகப் பாடப்புத்தகங்களில் இடம்பிடித்த சார்லமேன், 'மாபெரும் கார்ல்'. 800ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று ரோமில் திருத்தந்தை மூன்றாம் லியோ அவர் தலையில் பேரரசர் மகுடத்தை வைத்தார். 814 ஜனவரி 28 அன்று ஆகன் நகரில் இறந்தார்.

லத்தீன் ஆவணங்களில் அவர் பெயர் 'கரோலுஸ்'. அவருடைய கையெழுத்தைப் பார்க்க வேண்டும், அவ்வளவு அழகு. ஒரு சிலுவையின் நான்கு முனைகளில் கே, ஆர், எல், எஸ் என்ற மெய்யெழுத்துகள். நடுவில் ஒரு சாய்சதுரம், உயிரெழுத்துகள் மூன்றும் அந்தச் சதுரத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கும். ஆனால் முழுவதையும் வரைந்தது எழுத்தர். பேரரசர் நடுவில் ஒரு சிறு கோடு இழுத்து முடித்துவைப்பார் என்பது சுவடி ஆய்வாளர்களின் கணிப்பு. அவருடைய வரலாற்றை எழுதிய ஐன்ஹார்ட், பேரரசர் எழுத்துப்பலகையைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு ஓய்வு நேரத்தில் எழுதிப் பழகினார், ஆனால் காலம் கடந்து தொடங்கியதால் தேறவில்லை என்கிறார். ஐரோப்பாவின் பாதியை ஆண்டவர் தன் பெயரை எழுத, ரைட்டர் போட்ட கட்டத்துக்குள் ஒரு கோடு இழுத்திருக்கிறார்.

கரோலுஸ் பிரெஞ்சு வாயில் 'ஷார்ல்' ஆகி, நார்மன்களுக்குப் பிறகு ஆங்கிலத்தில் சார்லஸ் ஆனது. இங்கே மொழியியல் பிடிக்கும் ஆட்களுக்கு ஒரு விருந்து இருக்கிறது. சர்ல், சார்லஸ் இரண்டிலும் ககரம் சகரமாகியிருக்கிறது. பார்த்தால் ஒரே மாற்றம்போல் தோன்றும். ஆனால் இரண்டும் தனித்தனியாக, வேறு வேறு மொழியில், வேறு வேறு விதிப்படி நடந்தவை. ஆங்கிலத்தில் இகர, எகரங்களுக்கு முன்னால் ககரம் சகரமானது: ஜெர்மனில் 'கிர்ஹெ', ஆங்கிலத்தில் 'சர்ச்', ஜெர்மனில் 'கின்', ஆங்கிலத்தில் 'சின்', அதாவது முகவாய். அந்த வழியில் வந்தது சர்ல். பிரெஞ்சிலோ அகரத்துக்கு முன்னாலும் மாறியது: லத்தீன் 'கபாலுஸ்' பிரெஞ்சில் 'ஷெவால்', குதிரை, 'கந்தாரே' அங்கே 'ஷாந்தே', பாடுதல். அந்த வழியில் வந்தது சார்லஸ். இரண்டு பேர் இரண்டு ஊரிலிருந்து இரண்டு பஸ் பிடித்து ஒரே நிறுத்தத்தில் இறங்கியதுபோல.

நமக்கு இது புதிதும் இல்லை. கன்னடத்தில் 'கிவி' என்பது தமிழில் செவி. அங்கே 'கிறு', இங்கே சிறு. அங்கே 'கெம்பு', இங்கே செம்மை. அசோகன் கல்வெட்டில் கேரளபுத்திரர் என்று வருபவர்கள் நம் சங்கப்பாட்டில் சேரர். இகர, எகரம் வந்தால் நாக்கு முன்னால் நகர்ந்து ககரத்தைச் சகரமாக்கிவிடும் சோம்பல் தமிழனுக்கும் ஆங்கிலேயனுக்கும் பொது.

இனி நான் முக்கியமாகச் சொல்ல நினைத்த இடம். சார்லமேனின் பேரரசுக்குக் கிழக்கே ஸ்லாவிய மக்கள். அவர்களுக்கு அவர் பக்கத்து வீட்டுக்காரர். அதிலும் படையோடு வருகிற பக்கத்து வீட்டுக்காரர். அவர்கள் அவருடைய பெயரையே அரசனைக் குறிக்கும் பொதுச்சொல்லாக எடுத்துக்கொண்டார்கள். செக் மொழியில் 'க்ரால்', போலிஷில் 'க்ருல்', செர்பிய மொழியில் 'க்ரால்ய்', ரஷ்யனில் 'கொரொல்'. ஹங்கேரிக்காரர்கள் ஸ்லாவியரிடம் வாங்கி 'கிராய்' என்கிறார்கள், லிதுவேனியர் 'கராலியுஸ்', துருக்கியர் 'க்ரால்'. சீசர் என்ற ஆட்பெயர் ஜெர்மனில் கைசராகவும் ரஷ்யனில் ஜாராகவும் பட்டமானது போன்றது இதுவும்.

சும்மா ஓசை ஒற்றுமையை வைத்துச் சொல்கிறார்களா என்று சந்தேகப்பட்டால், அது நல்ல சந்தேகம். விடையும் நன்றாக இருக்கிறது. நகரத்தைக் குறிக்கும் பழைய ஸ்லாவியச் சொல் 'கோர்ட்' என்பதுபோல் இருந்தது. அது தெற்கில் 'க்ராட்' ஆனது. பெல்கிரேடு என்ற பெயரின் வால் அதுதான். போலிஷில் 'க்ருட்'. ரஷ்யனில் 'கொரொட்', நோவ்கொரோடு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். இப்போது இரண்டையும் பக்கத்தில் வையுங்கள்: க்ராட்–க்ரால், க்ருட்–க்ருல், கொரொட்–கொரொல். கார்லும், ரகரம் இடம் மாறும் அதே புரட்டலுக்கு ஆளாகியிருக்கிறது. அந்தப் புரட்டல் நடந்தது ஏறத்தாழ 8, 9ஆம் நூற்றாண்டுகளில். அதற்குப் பிறகு வந்த சொல்லாக இருந்தால் புரண்டிருக்காது. ஆகவே சொல் நுழைந்த காலமும் சார்லமேன் வாழ்ந்த காலமும் பொருந்துகின்றன. மொழியியலாளர் பெரும்பாலோர் இந்த விளக்கத்தை ஏற்பதற்குக் காரணம் இந்தப் பொருத்தம்தான். செக் நாட்டில் 'ஹ்ராடெட்ஸ் க்ராலொவே' என்றொரு ஊர் இருக்கிறது. 'அரசியின் கோட்டை நகர்' என்று பொருள். இந்த இரண்டு சொல்லையும் ஒரே பெயர்ப்பலகையில் பார்க்க வேண்டுமானால் அங்கே போகலாம்.

இது ஏதோ பழங்கதை என்று நினைக்க வேண்டாம். பால்டிக் கடலோரம் 1255இல் எழுந்த கோட்டைக்கு, பொஹீமிய அரசன் இரண்டாம் ஓட்டகாரைக் கௌரவிக்க 'அரசமலை' என்ற பொருளில் கூனிக்ஸ்பெர்க் என்று பெயரிட்டார்கள். 1946இல் சோவியத் அரசு அதைக் கலினின்கிராடு ஆக்கியது. 2023இல் போலந்தின் இடப்பெயர் ஆணையம், இனி அதைப் பழைய போலிஷ் பெயரால் 'க்ருலெவியெட்ஸ்' என்றே எழுதலாம் என்று பரிந்துரைத்தது, மாஸ்கோ கொதித்தது. அந்தப் பெயருக்குள் உட்கார்ந்திருப்பவன் யார் என்று பாருங்கள்: காளை பழக்கிய அதே கார்ல்.

மற்ற ஊர்களில் அவன் என்ன ஆனான் என்பதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனில் 'கெர்ல்' என்றால் 'ஆசாமி'; பாவப்பட்ட கெர்ல், நல்ல கெர்ல் என்று அடைமொழிதான் தரத்தைச் சொல்லும். 1713 முதல் 1740 வரை பிரஷ்யாவை ஆண்ட முதலாம் பிரெடரிக் வில்லியம், சுமார் 188 சென்டிமீட்டருக்குக் குறையாத உயரமுள்ளவர்களைத் தேடித் தேடிச் சேர்த்த படைக்கு மக்கள் வைத்த பெயர் 'நெட்டைக் கெர்ல்கள்'. டேனிஷில் கார்ல் என்றால் பண்ணையாள். ஸ்வீடிஷில் ஒரு விசித்திரம்: எழுத்தில் ஒன்றே, 'ஆண்' என்ற பொருளில் வந்தால் 'கார்' என்பார்கள், ஆட்பெயராக வந்தால் 'காள்' என்பார்கள். ஆம், நாக்கை மடித்துச் சொல்லும் நம் ளகரம் ஸ்டாக்ஹோமில் இருக்கிறது.

அந்தப் பெயரில் ஒரு கூத்தும் உண்டு. 1973 முதல் ஸ்வீடனின் அரசராக இருப்பவர் பதினாறாம் கார்ல் குஸ்தாவ். ஆனால் அந்த நாட்டில் முதலாம் கார்ல் முதல் ஆறாம் கார்ல் வரை யாருமே இருந்ததில்லை. யொஹான்னெஸ் மாக்னுஸ் என்ற பேராயர் எழுதி 1554இல் அச்சான வரலாற்றில் கற்பனை அரசர்கள் வரிசையாக வந்தார்கள். பின்னால் ஆட்சிக்கு வந்த கார்ல் ஒருவர் அதை நம்பித் தன்னை ஒன்பதாமவர் என்று எண்ணிட்டுக்கொண்டார். அந்தக் கணக்கு இன்றுவரை திருத்தப்படவில்லை.

வானத்திலும் கார்ல் இருக்கிறான். நாம் சப்தரிஷி என்று சொல்லும் ஏழு நட்சத்திரங்களை ஸ்வீடன்காரர் 'கார்லின் வண்டி' என்கிறார்கள். பழைய ஆங்கிலத்திலும் அப்படியே. அந்தக் கார்ல் சார்லமேனா, வண்டி ஓட்டும் குடியானவனா என்பதில் தீர்ப்பு இல்லை. எனக்குக் குடியானவன்தான். பேரரசர் எதற்கு மாட்டுவண்டி ஓட்டப் போகிறார்? இங்கிலாந்தில் சார்ல்டன், கார்ல்டன் என்று ஊருக்கு ஊர் பெயர் இருக்கிறதே, அவை 'செயொர்ல்களின் குடியிருப்பு' என்ற பழைய பெயரின் இரண்டு வடிவங்கள். டேனியர் குடியேறிய வடகிழக்கில் ககரம் தங்கிவிட்டது. கரோலின் என்று பெண் குழந்தைக்குப் பெயர் வைப்பவர்களும் இந்தக் குடும்பத்தில் சேர்த்திதான். கார்லைல் நகரமும் கரிகால் சோழனும் சேர்த்தி இல்லை. இரண்டாவதை நான் கற்பனையாகச் சொல்லவில்லை. என்னிடமே ஒருவர் மூன்று பக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

ஐஸ்லாந்தில் மட்டும் கார்ல் பிறந்த வீட்டை விட்டு அதிகம் நகரவில்லை. இலக்கணத்தில் ஆண்பாலுக்கே அங்கே 'கார்ல்கின்' என்று பெயர். தனியாகச் சொன்னால் கிழவன், பெரியவர். அவனுக்கு ஜோடி 'கெர்லிங்', கிழவி. டிராங்கே என்ற தீவுக்கருகே கடலில் இரண்டு பாறைத்தூண்கள் இருந்தன. விடிவதற்குள் பசுவை ஓட்டிக்கொண்டு கடலைக் கடக்க முயன்று, சூரியன் வந்ததும் கல்லாகிப்போன பூதத் தம்பதி என்பது கதை. கார்ல் தூண் 1755 நிலநடுக்கத்தில் சரிந்துவிட்டது. கெர்லிங் இன்னும் தண்ணீரில் தனியாக நிற்கிறாள்.

நாம் "ஒரே ஒரு ஊரிலே" என்று தொடங்குவதுபோல அங்கே பாட்டிக்கதைகள் தொடங்கும் வாய்பாடு ஒன்று உண்டு: "முன்னொரு காலத்தில் ஒரு கார்லும் கெர்லிங்கும் தங்கள் குடிசையில் இருந்தார்கள், ஒரு ராஜாவும் ராணியும் தங்கள் ராஜ்ஜியத்தில் இருந்தார்கள்." குடிசையில் இருப்பவன் கார்ல், அரண்மனையில் இருப்பவன் வேறு ஆள். அந்த வாக்கியத்தை வார்சாவில் ஒரு பாட்டி போலிஷில் பேரனுக்குச் சொன்னால் ராஜா என்ற இடத்தில் 'க்ருல்' என்பாள். குடிசைக் கிழவனுக்கு வேறு சொல் தேட வேண்டியிருக்கும்.

தம்பியிடம் இதைக் காட்டுங்கள். அலுவலக நண்பருக்கு நேரம் இருந்தால் அவரிடமும்.